தொழில் தேர்வும் கல்லூரி மாணவரும்
ஆர்வ அளவைகள், ஆளுமை அளவைகள் – அவற்றின் பயனும் வரம்பும்

கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் எடுக்கவேண்டிய முடிவுகளுள் தொழில் பற்றிய முடிவே தலையாயது. பிற்காலத்தில் அவர் எங்கு வாழ்வார், யாருடன் பழகுவார், எவ்வளவு ஈட்டுவார், நாளின் பெரும்பகுதியை எவ்வேலையில் கழிப்பார் என்பனவெல்லாம் பெரும்பாலும் இதனையே பொறுத்தவை. ஆயினும் இம்முடிவு எவ்வாறு எடுக்கப்படுகிறது? தேர்வில் பெற்ற மதிப்பெண், தந்தையின் விருப்பம், உறவினர் ஒருவர் பெற்ற உத்தியோகம், இடம் கிடைத்த பாடப்பிரிவு ஆகிய இவையே பெரும்பாலும் முடிவு செய்கின்றன. மாணவரின் இயல்பு என்ன, எவ்வேலையில் அவர் மனம் ஒன்றும் என்ற வினாக்கள் எழுவதே அரிது. எழும்போதும், விடை காண வழியறியாது கைவிடப்படுகின்றன.

இவ்வினாக்களுக்கு ஓரளவேனும் விடை காண்பதற்கென உளவியலறிஞர் ஒரு நூற்றாண்டுக் காலமாக உருவாக்கி வந்துள்ள கருவிகளே ஆர்வ அளவைகளும் ஆளுமை அளவைகளும் ஆகும். வேலைவாய்ப்பு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இவற்றைக் கையாளும் அலுவலரும் ஆசிரியரும், இக்கருவிகள் எவ்வாறு அமைந்தவை, எதைக் கூறவல்லவை, எதைக் கூற இயலாதவை என்பனவற்றைத் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். தவறாகப் பயன்படுத்தப்படும் அளவை, அளவையே இல்லாமையைவிடத் தீமை பயப்பதாகும்.

வழிகாட்டலின் தொடக்கம்

தொழில் வழிகாட்டலை ஒரு முறையான பணியாகத் தொடங்கியவர் பிராங்க் பார்சன்ஸ் என்னும் அமெரிக்கர். பொறியியல் பயின்று, பின்னர் வழக்கறிஞராகவும் ஆசிரியராகவும் பணியாற்றிய அவர், 1908ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பாஸ்டன் நகரில் தொழில் ஆலோசனை நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அவர் காலமானார். அவர் எழுதிய நூல் மறு ஆண்டில் வெளிவந்தது. தொழிலைத் தேர்வதற்கு மூன்று வேண்டும் என்பது அவர் கொள்கை: முதலாவது, தன்னைப்பற்றிய தெளிவான அறிவு, இரண்டாவது, தொழில்களைப்பற்றிய அறிவு, மூன்றாவது, இவ்விரண்டையும் பொருத்திப் பார்க்கும் நேரிய சிந்தனை.

இன்றுவரை தொழில் வழிகாட்டலின் அடிப்படை இம்மூன்றே. இவற்றுள் முதலாவதற்கு மட்டுமே அளவைகள் துணை செய்கின்றன என்பதை மறத்தலாகாது. அளவை ஒன்றே வழிகாட்டல் ஆகிவிடாது.

ஆர்வத்தை அளப்பது எங்ஙனம்?

'உமக்கு எத்தொழிலில் ஆர்வம்?' என்று நேரே கேட்டால் போதாதா என்று தோன்றலாம். இளைஞர் பலர் தொழில்களின் பெயரையே அறிவர். தொழிலின் உள்ளே நடப்பதை அறியார். ஆகவே அவர்தம் நேர் விடை பெரும்பாலும் அத்தொழிலின் புகழையே காட்டும்.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்க ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்ட்ராங் என்பார் 1927ஆம் ஆண்டில் புதியதொரு முறையைக் கையாண்டார். தொழில்கள், பாடங்கள், பொழுதுபோக்குகள், பலவகை மனிதர்கள் எனப் பல இனங்களை ஒரு படிவத்தில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் பிடிக்கும், பிடிக்காது, இரண்டுமில்லை என்று குறிக்கச் செய்தார். ஒரு தொழிலில் நிலைபெற்றோரின் விடைகளைப் பொதுமக்களின் விடைகளோடு ஒப்பிட்டு, எந்தெந்த இனங்களில் அத்தொழிலினர் மாறுபடுகின்றனர் எனக் கணித்தார். மாணவரின் விடைகள் மருத்துவரின் விடைகளைப் பெரிதும் ஒத்திருப்பின், 'மருத்துவர்' என்னும் அளவுகோலில் அவர் உயர்ந்த எண்ணைப் பெறுவார்.

இம்முறையில் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஒரே தொழிலினர் தம் தொழிலைப் பற்றிய இனங்களில் மட்டுமன்றி, அதனோடு தொடர்பற்ற பொழுதுபோக்கு முதலியவற்றிலும் ஒத்த விருப்பு வெறுப்புக்களைக் கொண்டிருந்தனர். தாம் முன்னர் அளந்த மாணவர்களைப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1955இல் ஸ்ட்ராங் வெளியிட்டார். அவர்தம் ஆர்வங்கள் பெரும்பாலும் மாறாதிருந்தன.

1939ஆம் ஆண்டில் பிரெடரிக் கூடர் வேறொரு முறையைக் கையாண்டார். மும்மூன்று செயல்களைக் கொடுத்து, அவற்றுள் மிக விரும்புவது எது, மிகக் குறைவாக விரும்புவது எது என்று கேட்பதே அது. சான்றாக, 'கடிகாரத்தைப் பிரித்துப் பழுது பார்த்தல். நோயுற்ற நண்பருக்குத் துணையிருத்தல். வரவு செலவுக் கணக்கைச் சரிபார்த்தல்' என்னும் மூன்றில் ஒன்றை உயர்த்தினால் மற்றவை தாமே தாழும். ஆதலின் எல்லாம் பிடிக்கும் என்று குறித்துவிட்டுத் தப்ப இயலாது. ஆனால் இம்முறையில் பெறும் எண்கள் ஒருவர்க்குள்ளேயே ஓர் ஆர்வம் மற்றோர் ஆர்வத்தை விஞ்சுவதைக் காட்டுவனவேயன்றி, ஒரு மாணவரை மற்றொரு மாணவரோடு ஒப்பிட உதவுவன அல்ல. இவ்வேறுபாட்டை அறியாது, கூடர் முறை எண்களைக் கொண்டு வகுப்பு முழுவதையும் தர வரிசைப்படுத்துவது பிழையாகும்.

அறுவகை இயல்புகள்

இன்று பெருவழக்காயுள்ள பாகுபாடு ஜான் ஹாலந்து என்பவருடையது. இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேர்ந்தோரை நேர்காணும் பணியில் இருந்த அவர், மாந்தரின் தொழில் வரலாறுகள் ஒரு சில வகைகளுள் அடங்குவதைக் கண்டார். 1959ஆம் ஆண்டில் தம் கொள்கையை வெளியிட்டார். அவர் கூறும் வகைகள் ஆறு.

1. செயல் வகை: கருவி, இயந்திரம், நிலம், கால்நடை ஆகியவற்றோடு பணியாற்ற விழைவோர்.
2. ஆய்வு வகை: காரண காரியங்களை ஆராய விழைவோர்.
3. கலை வகை: புதியன படைக்க விழைவோர்.
4. சேவை வகை: கற்பித்தல், பேணுதல், உதவுதல் ஆகியவற்றை விழைவோர்.
5. முனைவு வகை: பிறரை இணங்கச் செய்தலையும் நடத்திச் செல்லுதலையும் விழைவோர்.
6. ஒழுங்கு வகை: கணக்கு, பதிவேடு முதலியவற்றை முறைப்படுத்திக் காக்க விழைவோர்.

இவ்வாறனையும் ஓர் அறுகோணத்தின் முனைகளில் இவ்வரிசைப்படியே அமைத்தால், அடுத்தடுத்துள்ளவை ஒன்றையொன்று ஒத்தும், எதிரெதிரே உள்ளவை பெரிதும் மாறுபட்டும் இருக்கும். ஒருவர் ஒரே வகையினராய் இருத்தல் அரிது. இரண்டு மூன்று வகைகள் அவரிடம் கலந்தே காணப்படும். தொழில்களையும் இவ்வாறு வகைகளாலேயே குறிக்கலாம் என்பது இக்கொள்கையின் சிறப்பு. அமெரிக்கத் தொழில்துறையின் தொழில் விவரத் தொகுப்பு இம்முறையைப் பின்பற்றுகின்றது.

ஆளுமை அளவைகள்

ஆர்வம் என்பது ஒருவர் எதை விரும்புகிறார் என்பது. ஆளுமை என்பது அவர் பெரும்பாலும் எவ்வாறு நடந்துகொள்கிறார் என்பது. பல்லாண்டு ஆராய்ச்சிக்குப் பின் உளவியலறிஞர் பலர் ஒப்புக்கொண்டுள்ள கூறுகள் ஐந்து: புதுமை நாட்டம், கடமையுணர்வு, புறமுகம், இணக்கம், உணர்ச்சித் தளர்வு. பேரிக், மவுண்ட் என்னும் இருவர் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி, கடமையுணர்வு என்னும் கூறு தாம் கருதிய எல்லாத் தொழிற்பிரிவுகளிலும் வேலைத் திறத்தோடு தொடர்புடையது எனக் கண்டனர். புறமுகப் பண்பு விற்பனையாளர், மேலாளர் ஆகியோர்க்கே சிறப்பாகப் பயன்படுவதாயிற்று.

இதனால் வழிகாட்டுவோர் அறியவேண்டியது யாது? கடமையுணர்வு எல்லாத் தொழிலுக்கும் வேண்டியதாகலின், இன்ன தொழிலைத் தேர்க என்று கூற அது பெரிதும் உதவாது. தொழிலின் திசையைக் காட்ட ஆர்வ அளவையே ஏற்றது. ஆளுமை அளவையோ, தேர்ந்த தொழிலில் மாணவர் எத்தகைய சூழலில் எளிதாகப் பணியாற்றுவார், எங்கே அவர்க்குத் துணை வேண்டும் என்பனவற்றைப் பற்றி உரையாடப் பயன்படும்.

மக்களைப் பதினாறு வகையினராகப் பிரிக்கும் மையர்ஸ்–பிரிக்ஸ் அளவை 1962இல் அச்சில் வெளிவந்து உலகெங்கும் பரவியுள்ளது. சில கிழமைகள் கழித்து மீண்டும் விடையளிப்போரில் பலர் வேறு வகையில் வீழ்கின்றனர் என்பது இதன் பெருங்குறை. தொழில் ஆலோசனையில் இதனைப் பயன்படுத்தப் போதிய சான்று இல்லை என அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் குழு ஒன்று 1991இல் கருத்துத் தெரிவித்தது.

'இவ்வறிக்கை என்னை அப்படியே படம் பிடித்துள்ளது' என்று மாணவர் வியப்பதும் சான்றாகாது. பெர்ட்ரம் போரர் என்னும் உளவியலறிஞர் 1948ஆம் ஆண்டில் தம் மாணவர் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை நடத்தி, ஒவ்வொருவருக்கும் ஓர் அறிக்கை அளித்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என ஐந்துக்கு மதிப்பிடச் செய்தபோது கிடைத்த சராசரி 4.26. ஆனால் அனைவர்க்கும் அளிக்கப்பட்டது ஒரே அறிக்கை! சோதிடக் குறிப்புக்களிலிருந்து தொகுத்த பொதுவான வாக்கியங்களே அதில் இருந்தன. கட்டணம் பெற்று வண்ணத்தாளில் அறிக்கை தரும் நிலையங்கள் மலிந்துள்ள இந்நாளில், ஆசிரியர் இச்சோதனையை மனத்திற் கொள்ளுதல் நன்று.

எண்ணைப் படிக்கும் முறை

அளவை எண் எதுவும் அணுவளவும் பிறழாதது அன்று. துணியை முழக்கோலால் அளந்தாலும் சிறு வேறுபாடு நேரும். மனத்தை வினாக்களால் அளக்கையில் அது மிகுதியாகவே நேரும். இப்பிழையின் அளவைக் கணக்கிடலாம். ஓர் அளவையின் திட்ட விலக்கம் 10 எனவும், நம்பகக் கெழு 0.84 எனவும் கொள்வோம். 1இலிருந்து 0.84ஐக் கழிக்க 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, அதனை 10ஆல் பெருக்க 4. இதுவே அளவைப் பிழை. இரண்டு எண்களை ஒப்பிடுகையில் பிழை மேலும் கூடி, ஏறத்தாழ 5.7 ஆகும்.

இதனை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்குவோம். பௌதிகத்தில் இளங்கலை இரண்டாமாண்டு பயிலும் மாணவி ஒருவர் பெற்ற எண்கள் வருமாறு: சேவை 61, கலை 58, ஆய்வு 55, ஒழுங்கு 47, முனைவு 45, செயல் 42. சராசரி 50. அவசரப்படும் ஆலோசகர், 'இவர் தவறான பாடத்தில் சேர்ந்துவிட்டார். விஞ்ஞானம் இவர்க்கு ஏற்றதன்று' என முடிவு கட்டிவிடுவார். ஆனால் சேவைக்கும் ஆய்வுக்கும் உள்ள வேறுபாடு 6 மட்டுமே. இஃது ஒப்பீட்டுப் பிழையை ஒட்டியதாகலின், முன்னது பின்னதைவிட உயர்ந்தது என்று உறுதியாகக் கூற இயலாது. சேவைக்கும் செயலுக்கும் உள்ள 19 என்னும் வேறுபாடோ பொருட்படுத்தத் தக்கது.

ஆகவே இவ்வெண்கள் கூறுவது இவ்வளவே: கருவிகளோடு மட்டும் தனித்திருக்கும் பணி இம்மாணவிக்கு உவப்பாக இராது, மனிதரோடு பழகுவதும் கருத்தை ஆராய்வதும் கலந்த பணி உவப்பாக இருக்கலாம். விஞ்ஞான ஆசிரியப் பணி, விஞ்ஞானச் செய்திகளை மக்களுக்கு எழுதும் பணி, மருத்துவமனையில் கதிரியக்கச் சிகிச்சையோடு தொடர்புடைய மருத்துவப் பௌதிகப் பணி எனப் பல வழிகள் அவர் முன் திறக்கின்றன. படித்த பாடத்தைக் கைவிட வேண்டுவதில்லை. ஒரே எண் வரிசை, படிக்கும் முறை வேறுபடுவதால், ஒருவர் கதவை அடைக்கவும் கூடும், திறக்கவும் கூடும்.

ஆர்வப் பொருத்தம் மனநிறைவை எவ்வளவு விளைவிக்கும் என்பதையும் மிகைப்படுத்தலாகாது. 105 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றின்படி, ஆர்வப் பொருத்தத்துக்கும் தொழில் மனநிறைவுக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.19. அதாவது, மனநிறைவில் மக்களிடையே காணும் வேறுபாட்டில் நூற்றில் நான்கு பங்குக்கும் குறைவானதே இதனால் விளக்கம் பெறுகிறது. ஊதியம், மேலதிகாரி, உடன் பணியாற்றுவோர், வீட்டிலிருந்து தொலைவு ஆகியனவும் மனநிறைவை ஆக்குகின்றன அல்லவா?

ஆர்வம் வேறு, திறமை வேறு என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. இசையை விரும்புவோர் எல்லாரும் பாட வல்லவர் அல்லர். இயல்திறன் சோதனைகளும் கல்விப் பதிவும் இன்றி ஆர்வ எண்ணை மட்டும் கொண்டு வழி கூறுதல் முறையன்று.

இந்திய நாட்டில்

நம் நாட்டில் இப்பணி புதியதன்று. கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் 1938இல் பயன்முறை உளவியல் பிரிவு தொழில் வழிகாட்டல் ஆராய்ச்சியில் இறங்கியது. 1947இல் அலகாபாத்தில் உளவியல் நிலையம் நிறுவப்பெற்றது. சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராயிருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952–53இல் ஆராய்ந்த உயர்நிலைக் கல்விக் குழு, வழிகாட்டல் பணியின் இன்றியமையாமையை வற்புறுத்தியது. 1954இல் கல்வி, தொழில் வழிகாட்டலுக்கான மத்திய நிலையம் தில்லியில் தொடங்கப்பெற்றது. 2015ஆம் ஆண்டில் தேசியத் தொழிற்பணிச் சேவை தொடங்கியது. அவ்வாண்டின் தேசியத் தொழிற் பாகுபாடு ஏறத்தாழ 3,600 தொழில்களை விவரிக்கிறது. சராசரி மாணவர் எத்தனை தொழில்களின் பெயரைச் சொல்வார் என்று ஆசிரியர் தம் வகுப்பிலேயே கேட்டறியலாம்.

கருவிகளைப் பொறுத்தவரை இங்குள்ள பெரும் இடர் நியமங்களும் மொழியும் ஆகும். பிறநாட்டில் பிறநாட்டாரைக் கொண்டு அமைத்த நியமங்களை நம் மாணவர்க்குப் பொருத்துதல், வேறொருவர் காலுக்குத் தைத்த செருப்பை அணிவித்தல் போன்றதாம். மேனாட்டுப் படிவத்தில் மீன் பிடித்தல் ஓய்வு நேர இன்பமாக இடம் பெறும்; நம் கடற்கரையில் அது குடும்பத்தின் பிழைப்பு. வயல் வேலை பிடிக்குமா என்ற வினாவுக்கு நகரத்து அதிகாரியின் மகளும் கூலி வேலை செய்வோரின் மகனும் அளிக்கும் விடைகள் ஒரே பொருளுடையன அல்ல.

மொழிபெயர்ப்பில் எழும் சிக்கல் இதனினும் நுட்பமானது. 'தச்சர்' என்னும் சொல் தமிழில் ஒரு தொழிலை மட்டுமன்றி ஒரு சமூகத்தையும் குறிக்கும். அச்சொல்லின் எதிரே 'பிடிக்காது' என்று குறிக்கும் மாணவர் மரவேலையை வெறுக்கிறாரா, அன்றி அச்சொல்லோடு ஒட்டிய சமூகப் பாகுபாட்டுக்கு அஞ்சுகிறாரா என்பதை எண் காட்டாது. 'மரத்தால் பொருள் செய்தல்' என்று செயலையே குறிப்பிட்டால் இவ்விடர் குறையும். 'குமாஸ்தா' என்பதும் 'அலுவலக உதவியாளர்' என்பதும் ஏறக்குறைய ஒரே வேலையைச் சுட்டினும், ஒரே விடையைப் பெறா. ஆதலின் தமிழாக்கப் படிவத்தை, மூலத்தைப் பாராத மற்றொருவரைக் கொண்டு மீண்டும் மூலமொழியில் பெயர்க்கச் செய்து ஒப்பிடுவதோடு, நம் மாணவரிடையே நடத்திப் புதிய நியமங்களையும் காணுதல் வேண்டும். கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தைச் சேர்ந்த எஸ். சாட்டர்ஜி, சொற்களையே தவிர்த்து, கோட்டுருவப் படங்களால் அமைந்த விருப்பப் பதிவு ஒன்றை உருவாக்கியது இவ்விடரைக் கடக்கும் ஒரு வழியாகும்.

பெண்களைப் பற்றியும் ஒரு சொல். ஸ்ட்ராங் அளவையில் பெண்களுக்கெனத் தனிப் படிவம் 1933இல் வெளிவந்தது. 1974ஆம் ஆண்டில்தான் இரு படிவங்களும் ஒன்றாக்கப்பெற்றன. அதுவரை படிவமே பெண்களுக்கு இன்ன தொழில்கள் என்று முன்கூட்டி வரையறுத்துவிட்டது. இயந்திரத்தைத் தொட வாய்ப்பே பெறாத மாணவிக்குச் செயல் வகையில் எண் குறைவதில் வியப்பில்லை. அது வாய்ப்பின்மையின் அளவேயன்றி இயல்பின் அளவு ஆகாது.

கையாளுவோர்க்குச் சில நெறிகள்

1. விடைகளுள் சரியானது, தவறானது என எதுவுமில்லை என்பதை முதலிலேயே மாணவர்க்கு விளக்குக. தேர்வெழுதிப் பழகியோர் 'சரியான விடை'யைத் தேடுவது இயல்பு.
2. வேலைக்கு ஆள் தெரிந்தெடுக்கவோ பாடப்பிரிவில் இடம் மறுக்கவோ, வழிகாட்டலுக்கென நடத்திய அளவையைப் பயன்படுத்தற்க.
3. எண்ணைத் தனிப் புள்ளியாகக் கூறாது, பிழையின் அளவையும் சேர்த்து, உயர்வு, நடுத்தரம், தாழ்வு என்ற அளவில் கூறுக.
4. எல்லா வகைகளிலும் எண் தாழ்ந்திருப்பின், ஆர்வமற்றவர் என்று எண்ணற்க. உலகைக் காணும் வாய்ப்பு அவர்க்குக் குறைவாக இருந்திருக்கலாம். தொழிலிடங்களை நேரில் காட்டுக.
5. முடிவைத் தனிமையில், நேர்முக உரையாடலில் தெரிவிக்க. மாணவரின் இசைவின்றிப் பிறர்க்குக் காட்டற்க.
6. குடும்ப நிலையைக் கேட்டறிக. வீட்டின் முதற் பட்டதாரியாய், உடனே ஊதியம் ஈட்டவேண்டியவராய் உள்ளவரிடம் ஐந்தாண்டுப் படிப்பைப் பரிந்துரைத்தல் பயனற்றது. இன்று ஏற்கத்தக்க வேலையையும், அதிலிருந்து விரும்பும் திசைக்குச் செல்லும் படிகளையும் ஒருங்கே ஆராய்க.
7. சிறு சோதனை முயற்சிகளைத் தூண்டுக. ஆசிரியப் பணியை எண்ணுவோர் மாலை வகுப்பொன்றில் சில வாரம் கற்பித்துப் பார்க்கட்டும். வினாத்தாள் கூறாததை அவ்வனுபவம் கூறும்.

கல்லூரிப் பருவமே இப்பணிக்கு ஏற்ற காலம் என்பதற்கு ஆராய்ச்சிச் சான்று உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியான ஆராய்ச்சியொன்று, ஆர்வங்களின் நிலைபேறு பதினெட்டு வயது முதல் இருபத்திரண்டு வயதுக்குள் பெரிதும் உயர்ந்து, அதன்பின் இருபதாண்டுக் காலம் ஏறக்குறைய அந்நிலையிலேயே நிற்பதைக் கண்டது. பள்ளிச் சிறுவரிடம் அளந்தது மாறக்கூடும். கல்லூரி மாணவரிடம் அளந்ததோ நெடுங்காலம் பயன்படக்கூடும். எனவே இப்பருவத்தில் கூறப்படும் ஒரு சொல்லுக்கு வலிமை மிகுதி. 'நீர் இதற்குத் தகுதியற்றவர்' என்று அளவையின் பெயரால் கூறப்படுமாயின், இளைஞர் அதனை விஞ்ஞானத்தின் தீர்ப்பெனவே ஏற்றுக்கொள்வார். பின்னர் அதனை மாற்றுதல் எளிதன்று.

தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் சீர்தூக்குதல் என்னும் மூன்றனுள் அளவை முதலாவதற்கு மட்டுமே ஒளி தருகின்றது. தொழில்களைப் பற்றிய செய்தியைத் தருதல் வேலைவாய்ப்பு அலுவலரின் கடமை. சீர்தூக்கக் கற்பித்தல் ஆசிரியரின் கடமை. முடிவு எடுத்தலோ மாணவரின் உரிமை. ஒவ்வொருவரும் தத்தம் எல்லையை உணர்ந்து செயலாற்றுவார்களாயின், சில தாள்களும் ஒரு மணி நேர உரையாடலும் இளைஞர் ஒருவருக்குப் பெருந்துணையாக அமையும்.